இந்திய ஃபுட்பால் டீம் டிஃபென்ஸ்: எந்த கோச் காலத்துல நிஜமாவே கெட்டியா இருந்துச்சு?

கடைசி_டிஃபெண்டர்
2025 நவம்பர்ல டாக்கால பங்களாதேஷ்கிட்ட 0-1 தோத்ததுல இருந்து எங்க பாத்தாலும் இதே சண்டைதான் ஓடுது, ஸ்டிமாக் இருந்தப்ப (2019-24) டிஃபென்ஸ் பரவால்ல, இல்ல அவருக்கு முன்ன இருந்த கான்ஸ்டன்டைன் காலம்தான் (2015-19) பெஸ்ட், ஸ்டிமாக்குக்கு அப்புறம் வந்த மார்க்கேஸ் மோசம், அவருக்கு அடுத்து வந்த காலித் ஜமீலுக்கு இன்னும் டைம் குடுங்கன்னு. எல்லாரும் ஒவ்வொரு கோச்சுக்கும் மொத்தமா எத்தன மேட்ச், எத்தன கோல் வாங்கினோம்னு வகுத்து ஒரு ஆவரேஜ் போட்டு அத வெச்சே பேசுறாங்க. அந்த ஆவரேஜ்ல மக்காவ் மாதிரி சின்ன டீமும் இருக்கு, ஈரான் மாதிரி பெரிய டீமும் இருக்கு, ரெண்டையும் ஒரே தட்டுல போட்டா என்ன தெரியும்? அதனால நான் ஒரே மாதிரி போட்டிய மட்டும் எடுத்து பாத்தேன், அதாவது வேர்ல்ட் கப் குவாலிஃபயர் ரெண்டாவது ரவுண்டு.

2018 வேர்ல்ட் கப்புக்கான ரவுண்டு, கான்ஸ்டன்டைன்: 8 மேட்ச், 18 கோல் வாங்கினோம். குவாம்கிட்ட 1-2, ஈரான்கிட்ட 0-3, 0-4, ஓமன்கிட்ட 1-2, 0-3, துர்க்மெனிஸ்தான்கிட்ட ரெண்டு தடவ 1-2. ஒரே ஒரு க்ளீன் ஷீட் (கோலே வாங்காத மேட்ச்), அதுவும் இங்க வந்த குவாம் கூட.

2022க்கான ரவுண்டு, ஸ்டிமாக்: 8 மேட்ச், 7 கோல். கத்தார், ஓமன், ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ். ஒரு மேட்ச்ல கூட ரெண்டுக்கு மேல வாங்கல.

2026க்கான ரவுண்டு, அதே ஸ்டிமாக்: 6 மேட்ச், 7 கோல். அதுல 3 கத்தார் புவனேஸ்வர்ல போட்டது.

18 எங்க, 7 எங்க. எதிராளி தரம்னு பாத்தாலும் முதல் க்ரூப்ல ஈரான் இருந்தா ரெண்டாவதுல அப்போதைய ஆசிய சாம்பியன் கத்தார் இருக்கான், ஓமன் ரெண்டுலயும் இருக்கான். என்னைப் பொறுத்தவர 2019 செப்டம்பர்ல இருந்து 2021 ஜூன் வரைக்கும் குவாலிஃபயர்ல ஆடின டிஃபென்ஸ்தான் நமக்கு இந்த பதினஞ்சு வருஷத்துல கிடச்சதுலயே நல்லது. மாத்துக் கருத்து இருந்தா சொல்லுங்க, ஆனா நம்பரோட வாங்க.

நீலப்படை_பெங்களூரு
2023ஐ எப்படி விட்டீங்க ப்ரோ? இம்பால்ல மியான்மர் 1-0, கிர்கிஸ்தான் 2-0, புவனேஸ்வர்ல மங்கோலியா, வனுவாட்டு, லெபனான் ரெண்டு தடவ, அப்புறம் சாஃப் (தெற்காசிய) கோப்பைல பாகிஸ்தான் 4-0, நேபாளம் 2-0. வரிசையா 8 க்ளீன் ஷீட். ஒன்பதாவது மேட்ச்ல குவைத் கூட கோல் விழுந்தது கூட அன்வர் அலியோட ஓன் கோல், எதிராளி அடிச்சதில்ல. ஜிங்கன் அன்வர் சென்டர் பேக் ஜோடி மாதிரி ஒண்ணு நான் பாத்ததே இல்ல, ஒருத்தர் முன்னாடி போய் மோதுவார் இன்னொருத்தர் பின்னாடி நின்னு பால எடுத்து நிதானமா பாஸ் போடுவார். ஃபைனல்ல குவைத் 14வது நிமிஷத்துலயே ஒண்ணு போட்டும் டீம் கலங்கல, சாங்டே சமன் பண்ணி பெனால்டி வரைக்கும் கொண்டு போய் கோப்பையே தூக்கினோம். இதுக்கு மேல என்ன டிஃபென்ஸ் வேணும்?

கடைசி_டிஃபெண்டர்
நண்பா அந்த ஓட்டத்த நானும் ரசிச்சேன், இல்லன்னு சொல்லல. ஆனா அதையே பக்கத்து பக்கத்துல வெச்சுப் பாருங்க. 2023 மார்ச்ல இருந்து சாஃப் ஃபைனல் வரைக்கும் 11 மேட்ச், 2 கோல் வாங்கினோம், 11ம் நம்ம ஊர்ல. அதுக்கு அடுத்த 8 மேட்ச் எடுங்க: ஈராக் 2-2, லெபனான் 0-1, மலேசியா 2-4, குவைத் 1-0, கத்தார் 0-3, ஆஸ்திரேலியா 0-2, உஸ்பெகிஸ்தான் 0-3, சிரியா 0-1. மொத்தம் 16 கோல். அந்த எட்டுல ஏழு வெளிநாட்டுல. அதே கோச், பெரும்பாலும் அதே பசங்க, நடுவுல ரெண்டு மாசம்தான் கேப். 11 மேட்ச்ல 2, 8 மேட்ச்ல 16. அப்ப நாம அளந்தது டிஃபென்ஸையா, இல்ல சொந்த மைதானத்தையா?

இடதுபேக்_இளவரசு
இதுல ஒண்ண மறக்கக் கூடாது. 2024 ஜனவரி ஆசியக் கோப்பைக்கு அன்வர் காயத்தால வரவே இல்ல. ஜீக்சன் இல்ல, ஆஷிக் இல்ல. டிஃபென்ஸ்னா நாலு பேர் மட்டும் இல்லயே, முன்னாடி நின்னு மறைக்குற ஜீக்சன் இல்லாம உஸ்பெகிஸ்தான் மாதிரி டீம நிறுத்துறது கஷ்டம். அன்னிக்கு நாலாவது நிமிஷத்துலயே ஃபைசுல்லாயெவ் தலையால போட்டுட்டான், மூணு கோலும் ஃபர்ஸ்ட் ஹாஃப்லயே முடிஞ்சுது. ஆஸ்திரேலியா கூட பாருங்க, ஃபர்ஸ்ட் ஹாஃப் முழுக்க 0-0 கட்டி நின்னோம், 50வது நிமிஷத்துல க்ராஸ நம்ம கோல்கீப்பர் குர்ப்ரீத் தட்டி விட்டது நேரா இர்வின் கால்ல போய் விழுந்துச்சு. முதல் கோல் விழுந்ததும் நாம திறந்துடுறோம், அதான் பிரச்சன.

கிழக்கு_ஸ்டாண்ட்
கான்ஸ்டன்டைன ரொம்ப சுலபமா ஒதுக்குறீங்க எல்லாரும். அந்த 18 கோல் 2015, 2016ல. அவர் வந்தப்ப நம்ம ரேங்க் 173. டீம கலச்சு சின்னப் பசங்களா எடுத்துட்டு வந்தாரு, ஜிங்கன், ப்ரீதம், பின்னாடி அனஸ் எல்லாம் அந்த டைம்ல வந்தவங்கதான். அதுக்கப்புறம் 2019 ஆசியக் கோப்பை குவாலிஃபயர்ல 6 மேட்ச் 5 கோல்தான், அதுல முதல் மூணு மேட்ச்ல ஒண்ணு கூட வாங்கல. 2018 அக்டோபர்ல சுஜோ போய் லிப்பி கோச்சா இருந்த சைனா கூட 0-0. டிசம்பர்ல ஓமன் கூட 0-0. 2019 ஆசியக் கோப்பைல 3 மேட்ச் 4 கோல். இதே 2011ல ஹாட்டன் கீழ 3 மேட்ச்ல 13 வாங்கினோம், 2024ல 6. அப்போ பெரிய மேடைல யாரு பெஸ்ட்? கணக்கு அவர் பக்கம்தான் நிக்குது.

அவர் ஆட வெச்சது அழகா இல்லன்னு சொல்லுங்க, ஒத்துக்குறேன். ரெண்டு வரிசையா நாலு நாலு பேரு இறங்கி நிப்பாங்க, பால் கிடச்சா நீளமா அடிச்சு ஸ்ட்ரைக்கருங்க செத்ரி, ஜெஜே பக்கம் அனுப்புவாங்க. ஆனா நம்ம டிஃபெண்டர்கள்கிட்ட இருக்குற பலத்துக்கு ஏத்த ஆட்டம் அதுதான். யார்கிட்ட என்ன இருக்கோ அதுக்கு ஏத்த மாதிரி ஆட வைக்குறவர்தான் கோச்.

மஞ்சள்_அட்டை
பஹ்ரைன் மேட்ச ஞாபகப்படுத்திட்டீங்க. இன்னும் ஆறல.

கிழக்கு_ஸ்டாண்ட்
யாருக்குத்தான் ஆறும். ஷார்ஜால ஒரு டிரா போதும் நாக் அவுட்டுக்கு. அனஸ் நாலாவது நிமிஷத்துலயே காயம்பட்டு வெளிய, சலாம் ரஞ்சன் உள்ள வந்து மிச்ச மேட்ச் முழுக்க தாக்குப்பிடிச்சாரு. 90 நிமிஷம் கட்டிப் புடிச்சு நின்னு 91ல பெனால்டி. அன்னிக்கு கேப்டன் பட்டை கட்டி இருந்த ப்ரணய் ஹல்தரே ஃபவுல் பண்ணினது. மேட்ச் முடிஞ்ச கையோட கான்ஸ்டன்டைன் ராஜினாமா. ஒரு நிமிஷத்துல நாலு வருஷ வேல போச்சு.

பதினெட்டு_கஜம்
கி.ஸ்டாண்ட் சொல்றதுல பாதிக்கு சரின்னுதான் சொல்வேன், ஆனா 2017ல ஆடினது யார் கூட? மக்காவ், மியான்மர், மொரீஷியஸ், செயின்ட் கிட்ஸ். கிர்கிஸ்தான் ஒருத்தன்தான் கொஞ்சம் கனமான டீம், அவன்கிட்டயே 2018 மார்ச்ல பிஷ்கெக் போய் 1-2. அப்புறம் ஆசியக் கோப்பைக்கு ரெண்டு மாசம் முன்ன ஜோர்டான் கோல்கீப்பர் தன் பெட்டிக்குள்ள இருந்து அடிச்ச பால் எகிறி குர்ப்ரீத் தலைக்கு மேல போய் கோலாச்சே, அதெல்லாம் கணக்குல வராதா?

என் கேள்வி வேற. நாம கோச் பேர சொல்லி பேசுற பாதி கணக்கு குர்ப்ரீத் கணக்கு இல்லயா? தோஹா 0-0 எடுங்க. 2019 செப்டம்பர் 10. அஞ்சு நாள் முன்னதான் அதே கத்தார் ஆப்கானிஸ்தான 6-0 அடிச்சிருக்கான். செத்ரி காய்ச்சல்ல படுத்துட்டாரு, குர்ப்ரீத் கேப்டன். ஜிங்கனும் ஆதில் கானும் நடுவுல, பேக்கே வலது, மந்தார் இடது. நான் அந்த மேட்ச ரெண்டாவது தடவ பொறுமையா உக்காந்து பாத்தப்ப கவனிச்சது, கத்தார் ஷாட் அடிக்காம இருந்ததே இல்ல, அலை மாதிரி வந்துக்கிட்டே இருந்தான், ஆனா நிறைய ஷாட் பெட்டிக்கு வெளிய இருந்து. ஆதில் கான் ஒரு அடி கூட அனாவசியமா முன்ன போகல, ஜிங்கன் மோதப் போனா ஆதில் பின்னாடி இடத்த மூடிடுவாரு, முன்னாடி பால் தட்டி விழுந்தா ரோலின் போர்ஜஸ் அங்க நிப்பாரு. மிச்சத்த குர்ப்ரீத் பாத்துக்கிட்டாரு. அதனால என் கேள்விக்கு நானே பதில் சொல்றேன், கீப்பருக்கு பாதி, வரிசைக்கு பாதி. கீப்பர் புடிக்குற மாதிரி ஷாட்ட எதிராளிக்கு விட்டுக்குடுக்குறதும் டிஃபென்ஸ்தான்.

2021 ஜூன்லயும் அதே கத்தார் கூட 17வது நிமிஷத்துல பேக்கே ரெட் கார்டு வாங்கிட்டு போயிட்டாரு, பத்து பேரோட ஆடி 0-1. ரெண்டு மேட்ச் சேத்து ஆசிய சாம்பியன் நம்மள அடிச்சது ஒரே ஒரு கோல். இத எந்த கோச் காலத்துல பாத்திருக்கோம்?

நீலப்படை_பெங்களூரு
அதே ஸ்டிமாக் காலத்துலதான் 2021 மார்ச்ல துபாய்ல யூஏஇ கிட்ட 0-6. மப்கூத் மட்டும் மூணு. ஆரம்பத்துல 2019 ஜூலைல அகமதாபாத்ல தஜிகிஸ்தான் கூட பாதி நேரத்துல 2-0 முன்ன இருந்து 2-4ன்னு முடிச்சோம், அடுத்து வட கொரியாகிட்ட 2-5. நல்லத மட்டும் பொறுக்கி எடுக்கக் கூடாதுல்ல.

பதினெட்டு_கஜம்
அது மூணும் குவாலிஃபயர் இல்ல ப்ரோ, ஆளுங்கள மாத்தி மாத்தி டெஸ்ட் பண்ணின மேட்ச். பாயின்ட்டு இருக்குற மேட்ச்ல டீம் வேற மாதிரி நின்னுச்சு. அதான் கடைசி_டிஃபெண்டர் ஒரே ரவுண்ட எடுத்து பாக்க சொல்றாரு.

பழைய_கேலரி
தம்பிகளா, கொஞ்சம் பின்னாடியும் போய்ப் பாருங்க. ஆசியக் கோப்பைல நாம ஆடின அஞ்சு தடவையும் வரிசையா சொல்றேன். 1964, ஹாரி ரைட் கோச், 3 மேட்ச் 3 கோல் வாங்கி ரெண்டாவது இடம். 1984, சிரிச் மிலோவான், 4 மேட்ச் 7 கோல், ஆனா ஈரான் கூட 0-0. 2011, பாப் ஹாட்டன், ஆஸ்திரேலியா 4, பஹ்ரைன் 5, தென்கொரியா 4, மொத்தம் 13. 2019ல 4. 2024 ஜனவரில 6.

2011ல 13ன்னு சொன்னதும் ஹாட்டன திட்டாதீங்க. அந்த டீம் ஆசியக் கோப்பைக்கு வந்ததே 2008 ஏஎஃப்சி சேலஞ்ச் கப் ஜெயிச்ச வழில, அந்த மட்டத்துல இருந்து நேரா ஆஸ்திரேலியா, கொரியா முன்னாடி போய் நின்னாங்க. கீப்பர் சுப்ரதா பால் இல்லன்னா இருபது தாண்டிருக்கும். கொரியா மேட்ச்ல அவர் பாஞ்சு பாஞ்சு புடிச்சத பாத்தவங்க மறக்க மாட்டாங்க. பஹ்ரைன்ல ஒரே ஆள் இஸ்மாயில் அப்துல்லதீஃப் நாலு கோல் போட்டான், அதுதான் நம்ம சென்டர் பேக் பிரச்சனைக்கு சரியான உதாரணம், ஒரு ஸ்ட்ரைக்கர் ரெண்டு பேருக்கு நடுவுல ஓடும்போது யாரு அவன எடுத்துக்கணும்னு ரெண்டு பேருமே முடிவு பண்ணல.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு காலத்துல கோச் ரஹீம் சாப்கிட்ட ஜர்னைல் சிங், அருண் கோஷ், பின்னாடி பீட்டர் தங்கராஜ். அதுலயும் 5 மேட்ச்ல 6 கோல் வாங்கிதான் தங்கம் ஜெயிச்சோம். முதல் மேட்ச்ல கொரியாகிட்ட 0-2 தோத்து, அதே கொரியாவ ஃபைனல்ல 2-1. கோல் வாங்கவே கூடாதுன்னு இல்ல, வாங்குனதுக்கு மேல போடத் தெரியணும். ஸ்டாப்பரான ஜர்னைல காயத்தோட முன்னாடி ஆட வெச்சு அவரே ஃபைனல்ல கோல் போட்டாரு.

ஆஃப்சைட்_கோடு
பழைய கேலரி அண்ணே, அருமை. வாங்குனதுக்கு மேல போடத் தெரியணும்னு சொன்னீங்களே, அந்த வரிதான் நான் சொல்ல வந்ததும். ஆனா அதுக்கு முன்ன வேற ஒரு கணக்கு. நான் கோச் வாரியா பிரிக்கல, நிமிஷ வாரியா பிரிச்சேன்.

2019 ஜனவரி, பஹ்ரைன்: 91.
2019 செப்டம்பர், கவுஹாத்தில ஓமன் கூட செத்ரி கோல்ல 1-0 முன்ன இருந்தோம்: 82, 90.
2023 செப்டம்பர், ஈராக் கூட ரெண்டு தடவ முன்ன போய் ரெண்டு தடவயும் பெனால்டி குடுத்தோம், ரெண்டாவது 80.
2024 மார்ச், திரும்பவும் கவுஹாத்தி, செத்ரியோட 150வது மேட்ச், 1-0 முன்ன: ஆப்கானிஸ்தான் 70, 88.
2024 ஜூன், தோஹா, சாங்டே கோல்ல 1-0 முன்ன: 73, 85.
2025 ஜூன், ஹாங்காங்: 94, கீப்பர் கைத் வெளிய பாஞ்சு வந்து பெனால்டி.
2025 செப்டம்பர், ஈரான் கூட ஒரு மணி நேரம் 0-0 கிட்ட நின்னு, 0-3ல ரெண்டு கோல் கடைசி நிமிஷங்கள்ல.

கான்ஸ்டன்டைன், ஸ்டிமாக், மார்க்கேஸ், ஜமீல். நாலு கோச், நாலு விதமான ஆட்டம், ஒருத்தர் இறங்கி நிக்கச் சொன்னாரு, ஒருத்தர் பின்னாடில இருந்து பாஸ் பண்ணச் சொன்னாரு, ஒருத்தர் லைன மேல ஏத்தினாரு. ஆனா கோல் விழுற நேரம் மட்டும் மாறல. தோஹா 73வது நிமிஷ கோல்ல பால் கோட்ட தாண்டி வெளிய போயிடுச்சு, அது அநியாயம், அந்த ரவுண்டுல வீஏஆரும் (வீடியோ பாத்து முடிவு சொல்ற ரெஃப்ரி) இல்ல, நான் இன்னிக்கும் அத ஒத்துக்க மாட்டேன். ஆனா 85வது நிமிஷ கோல் நியாயமான கோல். அநியாயம் நடந்த உடனே டீம் மனசு விட்டுடுச்சு.

இது ஃபிட்னஸ்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கு அது மட்டும்னு தோணல. 1-0 முன்ன இருக்குறப்ப எழுபது நிமிஷத்துக்கு மேல நம்ம மிட்ஃபீல்டுல பால வெச்சுக்க ஆள் இல்ல. க்ளியர் பண்றோம், பத்து செகண்டுல திரும்பி வருது, மறுபடி க்ளியர் பண்றோம், மறுபடி வருது. எந்த பேக் ஃபோரா இருந்தாலும் இருவது தடவ அப்படி வந்தா ஒண்ணுல கால் தடுக்கத்தான் செய்யும். அந்த கவுஹாத்தி ஆப்கன் மேட்ச்ல ரெண்டாவது பாதிய பாருங்க, நம்ம பசங்க மூணு பாஸ் சேத்து போட்டத பாக்குறதே அபூர்வமா இருந்துச்சு.

இடதுபேக்_இளவரசு
இது சரி. ஆனா சமீபத்துல வாங்கினதுல இந்த கணக்கு உக்காராது. சிங்கப்பூர் அங்க ஃபர்ஸ்ட் ஹாஃப் முடியுற நேரத்துல போட்டான். மட்காவ்ல சோங் உய் யங் 44, 58. டாக்கால 11வது நிமிஷம். இதெல்லாம் கடைசி நேர தளர்ச்சி இல்ல, ஆரம்பத்துலயே இடம் விட்டுக்குடுக்குறது. டாக்கா கோல் சுத்தமா ஒரு கவுண்டர், நம்ம ஆளுங்க திரும்பி ஓடுறதுக்குள்ள மொர்சலின் முன்னாடி வந்துட்டான்.

மஞ்சள்_அட்டை
சிங்கப்பூர் அங்க ஆடினப்ப ஜிங்கன் 47வது நிமிஷத்துல ரெட் கார்டு, பத்து பேரோட போராடி ரஹீம் அலி 90ல சமன் பண்ணாரு. அது நல்ல மனசு காட்டின மேட்ச். அதுக்கு அடுத்த மேட்ச்லயே வீட்டுல 1-2ன்னு தோத்து 2027 ஆசியக் கோப்பை குவாலிஃபயர்ல இருந்தே வெளிய வந்துட்டோம். தாங்க முடியல.

கிழக்கு_ஸ்டாண்ட்
ஜமீலுக்கு நியாயமா பேசணும்னா 2025 நவம்பர் வரைக்கும் ஏழு மேட்ச்தான் ஆச்சு. தஜிகிஸ்தான் 2-1, ஈரான் 0-3, ஆப்கன் 0-0, ஓமன் 1-1, சிங்கப்பூர் 1-1, 1-2, பங்களாதேஷ் 0-1. 9 கோல். அதுல முதல் நாலும் மத்திய ஆசிய டீம்கள் நடத்துற சிஏஎஃப்ஏ நேஷன்ஸ் கப், அங்க ஓமன பெனால்டில ஜெயிச்சு மூணாவது இடம். தஜிகிஸ்தான அவங்க மண்ணுலயே அடிச்சது சின்ன விஷயமா? உவைஸ் நீளமா எறிஞ்ச த்ரோல அன்வர் தலையால போட்டாரு, அடுத்து ஜிங்கன் ஒண்ணு, ரெண்டு கோலும் டிஃபெண்டருங்க. அப்புறம் குர்ப்ரீத் பெனால்டி புடிச்சாரு. ஈரான் மேட்ச்ல ஜிங்கன் காயம்பட்டு போனாரு. ஐசால்ல ஐலீக் ஜெயிச்ச மனுஷன், கைல இருக்குறத வெச்சு ஆடத் தெரிஞ்சவர். விடுங்க கொஞ்சம்.

மார்க்கேஸ் 8 மேட்ச் 8 கோல், ஒரே ஒரு வெற்றி, மாலத்தீவு. க்ளப்பையும் நாட்டையும் ஒரே நேரத்துல பாக்க விட்டதே தப்பு, அத வெச்சு அவர மட்டும் எடை போட எனக்கு மனசு வரல.

பதினெட்டு_கஜம்
எல்லா கோச்சுக்கும் ஒரே ஒரு குடோன்ல இருந்துதான் சரக்கு வருது, அது ஐஎஸ்எல், நம்ம இந்தியன் சூப்பர் லீக். அங்க பெரும்பாலான க்ளப் வெளிநாட்டு ஆள எங்க போடுறான்? ஸ்ட்ரைக்கர், நடு மிட்ஃபீல்டு, ஒரு சென்டர் பேக். நம்ம பையன் சென்டர் பேக்கா ஆடினாலும் பக்கத்துல ஒரு ஸ்பானிஷ்காரரோ ஆஸ்திரேலியாக்காரரோ நின்னு "நீ இங்க நில்லு, லைன இழு, இப்ப இறங்கு"ன்னு கத்திக்கிட்டே இருப்பாரு. இந்தியா ஜெர்சி போட்டதும் அந்தக் குரல் இல்ல. ரெண்டு இந்திய சென்டர் பேக் ஜோடியா நின்னு முடிவு எடுக்குற பழக்கமே க்ளப்ல இல்ல. அதனாலதான் ஜிங்கன் காயம்னா நாமளும் காயம். 2015ல ஜிங்கன், 2019ல ஜிங்கன், 2023ல ஜிங்கன், 2025லயும் ஜிங்கன். பத்து வருஷம், நாலு கோச், ஒரே ஆள்.

நீலப்படை_பெங்களூரு
இத யாரும் எதிர்த்துப் பேச முடியாது. அன்வர் ஒருத்தர்தான் அந்த வரிசைல நெஞ்ச நிமித்தி நிக்குறாரு.

ஆஃப்சைட்_கோடு
இன்னொண்ணும் சேத்துக்கோங்க. 2027 ஆசியக் கோப்பை குவாலிஃபயர்ல டாக்கா வரைக்கும் 5 மேட்ச்ல 5 கோல்தான் வாங்கிருக்கோம். 2019 குவாலிஃபயர்ல 6 மேட்ச்ல அதே 5 வாங்கி க்ரூப்ல முதல் இடம் வந்தோம். அன்னிக்கு போட்டது 11, இன்னிக்கு போட்டது 2. டிஃபென்ஸ் கணக்கு கிட்டத்தட்ட ஒண்ணு, ஒரு டீம் ஆசியக் கோப்பைக்கு போச்சு, ஒரு டீம் வெளிய உக்காந்திருக்கு. ஷில்லாங்ல பங்களாதேஷ் கூட க்ளீன் ஷீட் வெச்சோமே, அதுக்கு கிடச்சது ஒரே பாயின்ட்டு.

கடைசி_டிஃபெண்டர்
எல்லாரும் நம்பரோட வந்தீங்க, அதுக்கே நன்றி. படிச்சு முடிச்சும் என் பதில் மாறல, ஆனா கொஞ்சம் சுருக்கிக்கிறேன். வெளிநாட்டு மண்ணுல, பாயின்ட்டு இருக்குற மேட்ச்ல, நம்மள விட பெரிய டீம் முன்னாடி, அந்த மூணும் சேர்ற இடத்துல மட்டும்தான் டிஃபென்ஸ அளக்கணும். அப்படி அளந்தா 2019 தோஹா 0-0, மஸ்கட்ல ஓமன் 0-1, 2021 தோஹா 0-1. மூணு மேட்ச் 2 கோல். 2018 ரவுண்டுல ஈரான், ஓமன் மண்ணுல ஆடின ரெண்டுலயே 7 வாங்கினோம். கான்ஸ்டன்டைனோட ஆசியக் கோப்பை டீமுக்கு ரெண்டாவது இடம் குடுப்பேன், கி.ஸ்டாண்ட் கோச்சுக்காதீங்க. 2023 வீட்டு ஓட்டத்த மூணாவதா வைக்கிறேன்.

ஜமீல் பத்தி பேச வேண்டியது 2026 மார்ச்ல ஹாங்காங் இங்க வர்றப்ப. அதுல பாயின்ட்டுக்கு அர்த்தமில்லன்னு சில பேர் பாக்கவே போறதில்லன்னு சொல்றாங்க, நான் பாப்பேன். எழுபது நிமிஷத்துக்கு அப்புறம் நடு மிட்ஃபீல்டுல யார எறக்குறார், அன்வர் பக்கத்துல யார நிக்க வைக்குறார், அந்த ரெண்டு விஷயத்ததான் கவனிக்கப் போறேன்.